கேட்டது வேலை இல்ல, விவரம்

வேலையில இருக்கிற ஒருத்தர்கிட்ட ஒரு காலேஜ் பிள்ளை போன்ல விவரம் கேட்டு எழுதினதை குரூப்ல போட்டுட்டாங்க. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. மண்டபம், பாம்பன் குரூப் எல்லாத்துலயும் சுத்துது. "வேலைப் பிச்சை"ன்னு தலைப்பு வேற. கீழ சிரிப்பு போட்டவங்கள்ல பாதிப் பேரு எனக்குத் தெரிஞ்சவங்க. அதுதான் தாங்க முடியல.

அந்தப் பிள்ளை என்ன கேட்டுச்சு? திரும்பப் படிங்க. பேரு, காலேஜ், படிப்பு எல்லாம் சொல்லிட்டு, "அண்ணா, உங்க வேலையில ஒரு நாள் எப்படிப் போகும்? பதினஞ்சு நிமிஷம் பேச முடியுமா?" வேலை கேக்கல. சிபாரிசு கேக்கல. விவரம் கேட்டுச்சு. இதை "இன்பர்மேஷனல் இன்டர்வியூ"ன்னு பேர் வச்சு பெரிய காலேஜ்கள்ல சொல்லியே குடுக்கிறாங்க.

"எல்லாம் கூகுள்ல கிடக்கே"ன்னு ஒருத்தர். பாடத்திட்டம் கிடக்கும். வேலை கிடக்காது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட தலைமையகமே ஒரு காலத்துல மண்டபம் கேம்ப்தான், 1971லதான் கொச்சிக்குப் போச்சு. மண்டல மையம் இன்னும் இங்கதான் இருக்கு. அந்த கேட் முன்னாடி பஸ்ஸுக்கு நின்னு வளர்ந்தவ நான். உள்ள போறவங்க என்ன வேலை பாக்குறாங்கன்னு சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்ல.

எங்கம்மா ஏலத்துல மீன் எடுத்து விக்கிறவங்க. கரைக்கு நோட்டோட ஒரு சார் வருவார். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோன்னு எழுதுவார். அம்மாதான் கேட்டுச்சு: "சார், எம்புள்ள மீன்வளம் படிக்கணுங்குது. என்ன வேலைன்னு சொல்லுங்களேன்." அவர் எங்க கூடையில இருந்தே ஒரு பாரை மீனை எடுத்து, மூக்கு நுனியிலருந்து வால் கவட்டை வரைக்கும் அளந்து காட்டினார். "விடியுமுன்ன வரணும்மா. கையில வாடை போகாது. தற்காலிக வேலைன்னா திட்டம் முடிஞ்சதும் வேலையும் முடியும்." இதை எந்தப் புத்தகம் எனக்குச் சொல்லியிருக்கும்? இன்னைக்குத் தூத்துக்குடியில இறால் ஏற்றுமதி லேப்ல நிக்கிறேன்னா அந்தப் பேச்சுதான் காரணம்.

"பிள்ளைக வெறும் 'ஹாய்'னு அனுப்புதுக, என்ன பதில் சொல்றது?" நியாயந்தான், எனக்கும் வருது. ஆனா இந்தப் பிள்ளை அப்படி அனுப்பலையே! நேரமில்லன்னா இல்லன்னு சொல்லுங்க, யாரும் சண்டைக்கு வரப்போறதில்ல. குரூப்ல போட்டு அசிங்கப்படுத்த மட்டும் நேரம் இருந்துச்சா? முதல்ல அதை அழிங்க. அந்தப் பிள்ளை பேரு தெரியுது.

பையன்னா டீக்கடையில, லீவுக்கு வந்த கப்பல்காரர் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்குவான். பொம்பளப் பிள்ளை எங்க போய் நிப்பா? அவளுக்கு இருந்த வழி போன்தான். இதைப் பார்த்த பிறகு எத்தனை வீட்டுல பிள்ளை கையில போன் இருக்க விடுவாங்க? யோசிச்சீங்களா?

தங்கச்சிகளா, கேக்குறதை நிறுத்தாதீங்க. பெரிய அதிகாரியைத் தேட வேணாம். இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்த சீனியர் யாருன்னு பழைய டீச்சர்கிட்ட விசாரிங்க, அவங்களுக்குத்தான் நுழைஞ்ச வழி மறந்திருக்காது. பேசி முடிச்சதும் "வேற யார்கிட்ட கேக்கலாம்?"னு ஒரு வார்த்தை கேட்டுருங்க. படகு, என்ஜின் பத்தின்னா மீன்பிடித் தடைக்காலத்துல போங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு ஆளுக கரையிலதான் இருப்பாங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. மீன்வளப் படிப்பு, லேப் வேலை பத்தின்னா எனக்கே எழுதுங்க. ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு மேல நானே கூப்பிடுறேன்.