எல்லாருக்கும் ஒரு செரோக்கி கொள்ளுப்பாட்டி

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் தங்கமான மனிதர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். போன வாரம் மதியச் சாப்பாட்டில் பேச்சு சொந்த ஊர், பூர்வீகம் என்று போனது. "என் கொள்ளுப்பாட்டி ஒரு செரோக்கி இளவரசி" என்றார். இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடமாகிறது. நான் சந்திக்கும் நான்காவது இளவரசி வாரிசு இவர்.

செரோக்கிகள் இந்தப் பகுதியின் பழங்குடிகள். அவர்களிடம் ராஜாவே கிடையாது, அப்புறம் இளவரசி எங்கிருந்து வந்தாள்? ஊருக்கு ஊர் சபை கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள் அவர்கள். ஏழு குலங்கள் உண்டு, குலம் தாய்வழியில் வரும். "பாட்டி எந்தக் குலம்?" என்று கேட்கலாமா என்று வாய்வரை வந்தது. சாண்ட்விச் சாப்பிடும் மனிதரை எதற்கு வம்புக்கு இழுப்பது என்று விட்டுவிட்டேன். 2010 கணக்கெடுப்பில் தங்களைச் செரோக்கி என்று எழுதிக்கொண்டவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். அரசு அங்கீகரித்த மூன்று செரோக்கிக் குழுக்களிலும் அன்று இருந்த குடிமக்களைக் கூட்டினால்கூட அதற்குப் பக்கத்தில் வராது. அந்தக் குழுக்கள் எச்சில் துப்பி அனுப்பும் டிஎன்ஏ சோதனையை மதிப்பதில்லை. முன்னோர் பெயர் பழைய பதிவேட்டில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இன்று செரோக்கி ரத்தம் ஒரு சொட்டாவது வேண்டும் என்று ஆசைப்படும் இதே மண்ணில்தான், செரோக்கிகள் எங்கிருந்தோ வந்தவர்கள் என்று நிரூபிக்க இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். எனக்கு இதில்தான் ஆத்திரம்.

ஜேம்ஸ் அடேர் என்ற வணிகர் இந்தப் பகுதிப் பழங்குடிகளோடு பல பத்தாண்டுகள் வியாபாரம் செய்தவர். 1775இல் லண்டனில் ஒரு தடித்த புத்தகம் போட்டார். அமெரிக்கப் பழங்குடிகள் எல்லாரும் யூதர்களின் வழிவந்தவர்கள் என்று அதில் 23 வாதங்களை அடுக்கினார். அதையாவது ஒரு மனிதரின் கிறுக்கு என்று தள்ளிவிடலாம். மண்மேட்டுக் கதை அப்படியில்லை. தென்கிழக்கு அமெரிக்கா முழுக்கப் பழங்கால மண்மேடுகள் இருக்கின்றன. "இவ்வளவு பெரிய வேலையை இந்தக் காட்டுமிராண்டிகளா செய்திருப்பார்கள்? யாரோ ஒரு நாகரிக இனம் கட்டியது, இவர்கள் வந்து அதை அழித்துவிட்டார்கள்" என்று ஒரு கதை கிளம்பியது. 1830 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் காங்கிரசுக்கு அனுப்பிய உரையிலேயே இது இருக்கிறது. பழைய இனம் ஒன்று இவர்களுக்கு வழிவிட்டு மறைந்ததாம். அதே வழியில் இப்போது இவர்கள் போகவேண்டுமாம். பழங்குடிகளை வெளியேற்றும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டது அந்த ஆண்டு மே மாதம்.

வந்தேறி என்று சொல்லிவிட்டால் துரத்துவது சுலபம். 1832இல் ஜார்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தைத் துண்டு போட்டு வெள்ளைக்காரர்களுக்குக் குலுக்கல் சீட்டில் கொடுத்தது. சாதாரண நிலம் 160 ஏக்கர், தங்கம் கிடைக்கும் என்று நம்பிய இடம் 40 ஏக்கர். செரோக்கிகள் அந்த வீடுகளில் குடியிருக்கும்போதே குலுக்கல் நடந்தது. நான் இப்போது மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீடு இருக்கும் ஃபோர்சைத் கவுண்டி அந்த ஆண்டு அந்த நிலத்திலிருந்து வெட்டி எடுத்ததுதான். 1838இல் சுமார் 16,000 பேரைப் படை வைத்து மேற்கே துரத்தினார்கள். வழியிலும் முகாம்களிலும் இறந்தவர்கள் நாலாயிரம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

பேட் க்ரீக் கல்லைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1889இல் டென்னசியில் ஒரு மேட்டைத் தோண்டியபோது எழுத்து பொறித்த சின்னக் கல் ஒன்று கிடைத்ததாக ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தின் களப்பணியாளர் அனுப்பிவைத்தார். அவருடைய மேல் அதிகாரி சைரஸ் தாமஸ், மேடுகளைக் கட்டியது பழங்குடிகளின் முன்னோர்தான் என்று 1894இல் சரியாக நிறுவியவர். ஆனால் இந்தக் கல்லில் சறுக்கினார், அது செரோக்கி எழுத்து என்றார். செரோக்கி எழுத்தை செக்வோயா என்ற செரோக்கிக்காரர் உருவாக்கியதே 1821இல். பல பத்தாண்டுகள் கழித்து சைரஸ் கார்டன் என்ற பேராசிரியர் கல்லைத் தலைகீழாகத் திருப்பி, இது பண்டைய எபிரேயம் என்றார். மறுபடியும் யூதர்கள்! கடைசியில் 2004இல் இரண்டு ஆய்வாளர்கள் அதன் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்கத்துக்காக 1870இல் வந்த கையேடு ஒன்றில் இருந்த படத்தைப் பார்த்து யாரோ செதுக்கியிருக்கிறார்கள். இதற்குப் பிறகும் யூடியூபில் அந்தக் கல் சாகவில்லை.

சரி, உண்மையில் என்ன தெரியும்? மொழி ஒரு நல்ல சாட்சி. செரோக்கி, இரோகுவாய் குடும்பத்து மொழி. நியூயார்க், கனடாப் பக்கத்து மோகாக், செனெகா மொழிகளுக்குத் தூரத்துச் சொந்தம். உதடு ஒட்டிப் பேசும் ஒலிகள் மோகாக்கில் இல்லவே இல்லை. செரோக்கியில் 'ம' மட்டும் எங்கோ ஒரு சில சொற்களில் வரும். 'அப்பா' என்று சொல்ல வழியில்லாத குடும்பம். இந்த இரு கிளைகளும் பிரிந்து 3,500 ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்பது மொழியியலாளர்கள் போட்ட ஒரு கணக்கு. உடனே "பார்த்தாயா, வடக்கிலிருந்து வந்தவர்கள்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பாகப்பிரிவினை நடந்தது தெரிகிறது. வீட்டை விட்டுப் போனது அண்ணனா தம்பியா என்று பத்திரத்தில் இல்லையே. அப்படி அவர்களே தெற்கே வந்திருந்தாலும், மூவாயிரம் ஆண்டு இருந்தவர்களை வந்தேறி என்பீர்களா?

பழங்குடிகளின் முன்னோர் அலாஸ்காப் பக்கத்துப் பெரிங் வழியாக ஆசியாவிலிருந்து வந்ததும் உண்மைதான். ஆனால் நியூ மெக்சிகோவில் கிடைத்த மனிதக் காலடித் தடங்கள் 21,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. அப்போது பிரிட்டனின் பெரும்பகுதி பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. இங்கிலாந்துக்காரரிடம் யாரும் "நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்பதில்லை.

செரோக்கிகள் சொல்லும் கதை வேறு. முதலில் எங்கும் தண்ணீர். ஒரு சின்ன நீர்வண்டு மூழ்கிப்போய் அடியிலிருந்து சேற்றை எடுத்து வந்தது. அது பரந்து நிலமானது. ஈரம் காயும் முன் ஒரு பெரிய பிணந்தின்னிக் கழுகு தாழப் பறந்தது. களைத்துப்போய் அதன் சிறகு தட்டிய இடமெல்லாம் பள்ளத்தாக்கு, எழும்பிய இடமெல்லாம் மலை. அதனால்தான் செரோக்கி நாடு முழுக்க மலையாக இருக்கிறதாம். ஸ்மோக்கி மலைச் சாலையில் ஒருமுறை கார் ஓட்டியவர்களுக்கு இந்தக் கதை எந்த ஊரில் பிறந்தது என்று புரிந்துவிடும்.

அவர்களுடைய தாய் ஊர் கிடூவா. வட கரோலினாவில், பிரைசன் சிட்டிக்குப் பக்கத்தில், டக்கசீஜி ஆற்றங்கரையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்டுப் போன இடம். 1996இல் கிழக்குச் செரோக்கிகள், அதாவது மேற்கே போகாமல் இங்கேயே தங்கியவர்களின் வாரிசுகள், 309 ஏக்கரைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். தங்கள் பிறந்த வீட்டைத் தாங்களே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்! கட்டடம் எதுவும் எழுப்பாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

போன இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு போனோம். பல தலைமுறை ஏர் ஓடித் தேய்ந்த மேடு, தெரிந்தவர் காட்டினால்தான் மேடு என்றே தெரியும். புல், ஆறு, சுற்றிலும் மலை. நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி ஐந்து நிமிடம் பொறுத்தாள். பிறகு, "இதைப் பாக்கவா மூணு மணி நேரம் ஓட்டிட்டு வந்தோம்?" என்றாள். ஆமாம் என்றேன்.