முதலில் வரி, அப்புறம் அணி

இங்கிலாந்தில் பதினாறு வயதுவாக்கில் வரும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வை எழுதப்போகும் நம் பிள்ளைகளின் ஆங்கில நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அணிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கும். சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்) என்று தொடங்கி பாலிசிண்டெட்டான், அனடிப்ளோசிஸ் போன்ற கிரேக்கப் பெயர்கள் வரை போகும். பட்டியல் நீள நீள மதிப்பெண்ணும் ஏறும் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். வார இறுதியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் நான். தயவுசெய்து பாடத்தை அந்தப் பட்டியலில் இருந்து தொடங்காதீர்கள்.

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தை எடுத்துக்கொள்வோம். மேக்பெத்தின் மனைவியான ராணி இறந்த செய்தி வருகிறது. மேக்பெத் பேசுகிறான்: 'டுமாரோ, அண்ட் டுமாரோ, அண்ட் டுமாரோ'. பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை உடனே 'ரெபெட்டிஷன்' என்று எழுதும். இன்னும் தேறிய பிள்ளை 'பாலிசிண்டெட்டான்' என்று எழுதும், அதாவது இணைப்புச் சொல் அடுத்தடுத்து வருவது. இரண்டும் சரிதான். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று இரண்டுக்கும் தெரியாது.

அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மெல்லிய அசை ஒன்று, அழுத்தமான அசை ஒன்று என மாறி மாறிப் பத்து அசை வருவதுதான் ஷேக்ஸ்பியரின் வழக்கமான நடை. இங்கே பதினொன்று. எப்போதும் யாரும் அழுத்திச் சொல்லாத 'அண்ட்', அழுத்தம் விழவேண்டிய இடத்தில் இரண்டு முறை வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் வரி வேகமாக நகரவே முடியாது, இழுக்கிறது. மனைவியை இழந்தவனுக்கு நாள் நகராமல் கிடப்பதை அந்தச் சின்னஞ்சிறு இணைப்புச் சொல்லே காட்டிவிடுகிறது. அடுத்த வரி 'கிரீப்ஸ்' (ஊர்கிறது) என்று தொடங்கும். எழுவாய் மூன்று நாளைகள், வினையோ ஒருமை. அந்தக் கால ஆங்கிலத்தில் இப்படி எழுதுவது உண்டு என்பது உண்மை. ஆனாலும் மூன்று நாளைகளும் ஒரே நாளாகக் குழம்பிப்போனதாக ஒரு பிள்ளை படித்தால் நான் மனதாரப் பாராட்டுவேன். அதைச் சொல்ல அவளுக்குத் தேவைப்பட்டவை எழுவாய், வினை, ஒருமை, பன்மை. ஆறாம் வகுப்பு இலக்கணம்தான். கிரேக்கப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

தேர்வு விதியும் இதைத்தான் சொல்கிறது. மொழி, வடிவம், அமைப்பு ஆகியவற்றால் எழுத்தாளர் எப்படிப் பொருளையும் விளைவையும் உண்டாக்குகிறார் என்று ஆராய வேண்டும், கலைச்சொற்களைப் பொருத்தமான இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் இலக்கியத் தாளின் இரண்டாவது மதிப்பீட்டு நோக்கம். 'பொருத்தமான இடத்தில்' என்பதை மட்டும் எல்லோரும் எப்படியோ தாண்டிப் போய்விடுகிறோம். பெயரை மட்டும் சுட்டிவிட்டு நகரும் விடைகளைப் பற்றித் தேர்வாளர்கள் அலுக்காமல் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் தொடக்கப்பள்ளியிலேயே வந்துவிடுகிறது. 2013இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தனி இலக்கணத் தேர்வு வந்தது. பத்து, பதினொரு வயதில் 'ஃப்ரண்டட் அட்வெர்பியல்', அதாவது வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் வினையடை, எது என்று அடிக்கோடிட வேண்டும். 2016இல் பிபிசி வானொலியில் அன்றைய பள்ளித்துறை அமைச்சர் நிக் கிப்பிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதில் 'ஆஃப்டர்' என்பது ப்ரிபொசிஷனா (பெயர்ச்சொல்லோடு சேர்வது), சபார்டினேட்டிங் கன்ஜங்ஷனா (துணை வாக்கியத்தை இணைப்பது) என்று கேட்டார்கள். ப்ரிபொசிஷன் என்றார். அந்தத் தேர்வின் கணக்கில் அது தவறு. அவரைக் குறை சொல்ல இதைக் கொண்டுவரவில்லை. பெரியவர்களே தடுமாறும் ஒரு முத்திரையைக் குத்துவதில் குழந்தையின் நேரம் போகிறதே, அதே நேரத்தில் அந்த வாக்கியம் ஏன் அப்படி எழுதப்பட்டது என்று கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

நமக்கும் இது புதிதல்ல. 'இக்குறளில் பயின்று வந்துள்ள அணியை விளக்குக' என்று கேட்டால் மனப்பாட இலக்கணத்தை எழுதி, குறளைக் கீழே எழுதி, பிறிதுமொழிதல் அணி என்று முடித்தவர்கள்தானே நாம்? மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதை வள்ளுவர் ஏன் மன்னனுக்கான எச்சரிக்கையாகச் சொன்னார் என்று யாராவது கேட்டிருந்தால் அந்தக் குறள் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும். மயிலிறகைப் போல எடையே இல்லாததும் அளவு மீறினால் அச்சை முறிக்கும், அதுபோலத் தனித்தனியே பார்த்தால் அற்பமான பகைவர்கள்கூட ஒன்றுசேர்ந்தால் வலிமையான மன்னனை வீழ்த்துவார்கள். அது புரிந்தபின் அணியின் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அதற்காகக் கலைச்சொற்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'சுட்டதில் இருவர் இறந்தனர்' என்று செய்தி வருகிறது. யார் சுட்டது? ஆங்கிலச் செய்தியில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பாஸிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டு வினை. அந்தப் பெயரும் அது செய்யும் வேலையும் தெரிந்த பதினைந்து வயதுப் பிள்ளை, செய்தவர் வாக்கியத்திலிருந்து காணாமல் போனதை உடனே பிடித்துவிடுவாள். தெரியாத பிள்ளைக்கு ஏதோ இடறும், ஆனால் எது என்று சொல்ல வராது. பெயர் தேவைப்படுவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு வினை, காலம், பிரதிப்பெயர், செயப்பாட்டு வினை, கட்டாயம், சாத்தியம் காட்டும் 'மஸ்ட்', 'மைட்' போன்ற மோடல் வினைகள், உவமை, உருவகம், யாப்பின் அடிப்படை இவ்வளவைத்தான் முதலில் உறுதியாக்குகிறேன். மற்றவை ஒரு வரியில் எதிரே வந்து நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பெற்றோரிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான். பிள்ளை கவிதை படித்துக்கொண்டிருக்கும்போது 'எத்தனை டெக்னிக் கண்டுபிடிச்ச?' என்று கேட்காதீர்கள். 'எந்த வார்த்தை உன்னை நிறுத்துச்சு, ஏன்?' என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள்.