நடுவில் போகிறவன்

எங்கள் தாய்மாமா ஊர் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தார். ஊரில் ஒரு அண்ணன் தம்பி. பொதுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை என்பதில் தொடங்கிய வாய்த்தகராறு, ஒரு அரிவாள் வெட்டு, இரண்டு கேஸ் என்று வளர்ந்து, எட்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. அண்ணன் காலை ஐந்தரைக்கு டீ குடிக்க வருவார். அவர் கிளம்பிவிட்டாரா என்று தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஆறரைக்குத் தம்பி வருவார். ஒருநாள் மாமா கிளாஸை நீட்டிக்கொண்டே தம்பியிடம், "உன் பையன் பத்தாவது பரீட்சை எப்படி எழுதியிருக்கான்னு உங்க அண்ணன் கேட்டாருடா" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வந்துபோனபோதும் அங்கேதான் இருந்தேன். அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் நண்பர் ஒருவர், "சமாதானப் பேச்சுவார்த்தை என்பதே ஊரை ஏமாற்றும் வேலை" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் மாமாவின் அந்தப் பொய் ஞாபகம் வந்தது. கூடவே இன்னொரு கடைக்காரரும்.

வட அயர்லாந்தில் டெரி என்று ஒரு நகரம். அங்கே பிரெண்டன் டடி, மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கிற கடை வைத்திருந்தார். 1960களில் அந்தக் கடைக்கு பர்கர் கொண்டுவந்து இறக்கும் இறைச்சிக்கடைப் பையன் ஒருவன், வேலை முடிந்ததும் கவுன்ட்டரில் நிற்கும் பெண்களோடு அரட்டை அடித்துக்கொண்டிருப்பானாம். அந்தப் பையன்தான் மார்ட்டின் மக்கின்னஸ். பிற்பாடு, வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை ஒழித்து அயர்லாந்தை ஒன்றாக்க ஆயுதம் தூக்கிய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் முக்கியத் தலைவர், அதற்கும் பிற்பாடு வட அயர்லாந்தின் துணை முதல் அமைச்சர்.

1972 ஜனவரியில் டெரியில் ஒரு சிவில் உரிமைப் பேரணி. அந்த ஊர் போலீஸ் அதிகாரி ஃபிராங்க் லாகன் டடியிடம் வந்து, அன்றைக்கு போக்சைடு பகுதியில் துப்பாக்கி எதுவும் இல்லாமல் ஐ.ஆர்.ஏ.வைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்றார். டடி போய்ப் பேசினார். ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டதில் அங்கேயே 13 பேர் செத்தார்கள். காயம்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். துப்பாக்கிகளை எடுத்துவிடுங்கள் என்று வாக்கு வாங்கி வந்த மனிதன் அன்று இரவு எப்படித் தூங்கியிருப்பான்? நானாக இருந்தால் அத்தோடு இந்தச் சோலியே வேண்டாம் என்று வறுவல் சட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

டடி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார். பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.6இன் மைக்கேல் ஓட்லிக்கும் ஐ.ஆர்.ஏ. தலைமைக்கும் நடுவில் சேதி கொண்டுபோகிற ரகசிய வழியாக, இடையிடையே அறுந்தாலும், ஏறக்குறைய இருபது வருஷம் இருந்தார். அந்த வழியை ஓட்லி மூங்கில் குழாய்க்கு ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இந்த முனையில் நாங்கள் மெல்ல ஊதுவோம், அந்த முனையில் அவர்கள் ஊதுவார்கள், மூச்சுக்காற்று மட்டும் போய்வரும். படித்தபோது எனக்கு அம்மாச்சி வீட்டு ஊதுகுழல்தான் கண்ணில் வந்தது. நெருப்பு இல்லாத அடுப்பில் எவ்வளவு ஊதினாலும் சாம்பல்தான் கண்ணில் விழும். கங்கு ஒன்று கிடந்தால் போதும்.

1975இல் போர் நிறுத்தம் வந்தபோது இரு தரப்பும் டடியின் வீட்டிலேயே உட்கார்ந்து பேசினார்கள். அது நிலைக்கவில்லை. பிரிட்டிஷ்காரன் நம்மை இழுத்தடித்து ஏமாற்றிவிட்டான் என்ற கசப்புதான் ஐ.ஆர்.ஏ.வின் இளைய தலைமுறைக்கு மிஞ்சியது. 1981இல் சிறையில் ஐ.ஆர்.ஏ. கைதிகள் உள்ளிட்டோர் உண்ணாவிரதம். டடியின் வழி மறுபடி திறந்தது. ஆனாலும் பத்துப் பேர் செத்துப்போனார்கள். கணக்குப் பார்த்தால் முதல் பதினெட்டு வருஷத்தில் இந்த மனிதர் சாதித்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இந்த இடத்தில்தான் பேச்சுவார்த்தையைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு வழக்கு. அவர்கள் கையெழுத்தான நாளை மட்டும் பார்க்கிறார்கள். கையெழுத்தாகாத வருஷங்களில் குழாயை யாரோ பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்ப்பதில்லை.

மத்தியஸ்தம் பற்றிய பயிற்சி வகுப்புகளில் முதலில் சொல்லித்தருவது நடுநிலை. நானும் ஒன்றில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். டடி நடுநிலை ஆள் இல்லை. டெரி கத்தோலிக்கர், ஐரிஷ் தேசியவாதி. வன்முறை மட்டும் ஆகாது அவருக்கு. ஓட்லியோ அரசாங்கச் சம்பளம் வாங்குகிற உளவாளி. இரண்டு பேரும் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். இவன் ஓடிப்போக மாட்டான், சொன்னதைச் சொல்வான் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

சொன்னதைச் சொல்வான் என்று எழுதிவிட்டேன். அங்கேதான் சிக்கல்.

1993இன் தொடக்கத்தில் மக்கின்னஸிடமிருந்து வந்ததாக ஒரு சேதி லண்டனுக்குப் போனது. போர் முடிந்துவிட்டது, அதை எப்படி முடித்துவைப்பது என்று உங்கள் ஆலோசனை தேவை என்பது அதன் சாரம். நவம்பர் 1 அன்று பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில், ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் ஃபெய்ன் கட்சித் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸோடு உட்கார்ந்து பேசுவது தனக்கு வயிற்றைக் குமட்டும் என்கிறார். அந்த மாதம் முடிவதற்குள் ரகசியத் தொடர்பு பத்திரிகையில் அம்பலமானது. அரசு அந்தச் சேதியை எடுத்து வெளியே போட்டது. நான் அப்படி ஒன்றை அனுப்பவே இல்லை என்றார் மக்கின்னஸ். அந்த வாக்கியத்தை உண்மையில் எழுதியது யார் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது. டடியை ஐ.ஆர்.ஏ. ஆட்கள் அவர் வீட்டிலேயே உட்காரவைத்து மணிக்கணக்கில் துருவினார்கள். அத்தோடு அவர் வேலை முடிந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மாவா!

யார் எழுதியிருந்தாலும், அந்த வாக்கியம் பொய்யா? சொன்ன நாளில் அது யாருடைய வாயிலிருந்தும் வராத வார்த்தையாக இருந்திருக்கலாம். 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. போர் நிறுத்தம் அறிவித்தது. நடுவே அது ஒருமுறை முறிந்து, மறுபடி ஒட்டி, 1998 ஏப்ரல் 10இல் பெரிய வெள்ளி ஒப்பந்தம். 3,500 பேருக்கு மேல் பலிகொண்ட முப்பது வருஷம் ஓய்ந்தது. ஆக, அந்த வாக்கியம் கொஞ்சம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் மனதில் வைத்திருந்து வாயால் சொல்லக் கூசுவதை மூன்றாவது ஆள் சொல்லிவிடுவதை நான் பொய்க் கணக்கில் சேர்க்க மாட்டேன். இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். மனதில் இல்லாததைச் சொன்னால் மட்டும் அது வெறும் பொய், ரத்தத்தில்தான் போய் முடியும்.

கிணற்றுச் சண்டையையும் போரையும் ஒரே தராசில் வைக்கிறானே என்று கேட்பீர்கள். வைக்கவில்லை. போரில் நடுவில் போகிறவனைக் கொன்றுவிடுவார்கள். வட அயர்லாந்தில் டடியை விட்டுவைத்தார்கள், அவர் 2017இல்தான் இறந்தார்.

நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையில், அப்படி விட்டுவைக்கவில்லை. அரசியலமைப்பு வழியாக அதிகாரப் பகிர்வுக்குத் திட்டம் வரைந்துகொண்டிருந்த நீலன் திருச்செல்வத்தை 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் தற்கொலைக் குண்டால் கொன்றார்கள். அவர் செய்த குற்றம், அரசோடு உட்கார்ந்து எழுதியது. அதற்கு நம் மொழியில் 'துரோகி' என்று ஒரு ரெடிமேட் சொல் இருந்தது. 2002 பிப்ரவரியில் நார்வே முன்நின்று அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் நிறுத்தம், பிறகு ஆறு சுற்றுப் பேச்சு. சாத்தஹிப், ஒஸ்லோ, பெர்லின், ஹக்கோனே என்று ஊர் ஊராக, கேமராக்கள் சூழ நடந்தது. 2006 ஜூலையில் அதே மக்கின்னஸ் கிளிநொச்சி வந்து புலிகளின் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் சுப. தமிழ்ச்செல்வனைப் பார்த்துப் பேசினார். மறு வருஷம் நவம்பர் 2 அன்று தமிழ்ச்செல்வனை அரசின் விமானங்கள் குண்டு போட்டுக் கொன்றன. பேச ஆள் வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டே, எதிர்ப்பக்கம் பேச வந்தவரையே கொன்றது ஓர் அரசு. நடுவில் போனவரைக் கொன்றது ஓர் இயக்கம். குழாயை இரண்டு முனையிலும் உடைத்துவிட்டு, நார்வேக்காரன் சரியில்லை என்று நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். நார்வே மீது எனக்கும் குறை உண்டு. அது வேறு பதிவு.

டீக்கடைக் கதையில் மிச்சம் இருக்கிறது. மாமா பொய் சொன்ன மறுநாள் தம்பி ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனார். பரீட்சை முடிவு வந்த அன்று ஒரு பாக்கெட் மிட்டாயைக் கல்லாமேல் வைத்து, "கேட்டாருன்னு சொன்னீங்களே, குடுத்துருங்க" என்றார். அண்ணன் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். கேஸ்கள் வாபஸாக மேலும் இரண்டு வருஷம் ஆனது. மாமாதான் வக்கீல் வீட்டுக்கும் ஊருக்கும் அலைந்தார். இடையில் ஒருமுறை, நீ அவன் ஆள் என்று அண்ணன் கடை பெஞ்சை எட்டி உதைத்துவிட்டுப் போனதும் நடந்தது.

அந்தப் பையன் கல்யாணத்தில் இரண்டு குடும்பமும் முதல் பந்தியில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது. மாமாவுக்கு மூன்றாவது பந்தியில்தான் இலை கிடைத்தது. அதற்குள் பாயசம் தீர்ந்துபோயிருந்தது.