பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது ரப்பரால்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பெட்ரோல் தீர்ந்துபோனதால்தான் அதை அளந்து கொடுத்தார்கள் என்று சொல்வது தவறான புரிதலைத் தரும். அன்று உலகிலேயே மிக அதிகமாக எண்ணெய் எடுத்த நாடு அமெரிக்காதான். 1942 மே மாதம் கிழக்குக் கரையோர மாநிலங்களில் பங்கீடு தொடங்கியதற்கு, ஜெர்மானிய நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்ததால் அங்கு ஏற்பட்ட தட்டுப்பாடு காரணம் என்பது உண்மையே. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த டெக்சாஸ் உட்பட நாடு முழுவதும் அது விரிவாக்கப்பட்டது, வண்டிகள் குறைவாக ஓடினால் தேய்மானம் குறையும் என்று டயர்களைக் காப்பதற்காகவே. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் (இன்றைய இந்தோனேசியா) ஜப்பானியர் வசமானதும், அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 சதவீதம் நின்றுபோயிற்று. நடைமுறையைப் பார்த்தாலே நோக்கம் விளங்கும்: மணிக்கு 35 மைல் வேக வரம்பு விதிக்கப்பட்டது; காரின் முன்கண்ணாடியில் ‘ஏ’ என்ற பங்கீட்டு வில்லை ஒட்டிய சாதாரணக் குடும்பத்துக்கு வாரத்துக்கு 3 அல்லது 4 கேலன்தான் கிடைத்தது; பெட்ரோல் அட்டை பெற விரும்பியவர் தம் டயர்களின் வரிசை எண்களை எழுதிக் கொடுத்து, ஐந்துக்கு மேல் இருந்தவற்றை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.