ரேங்க் பட்டியலில் உங்கள் வகுப்பறை இல்லை

சேர்க்கைக் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டால் இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "ரெண்டு யுனிவர்சிட்டில கிடைச்சிருக்கு, எதுல சேரலாம்?" கூடவே இரண்டின் உலக ரேங்கும் வரும். கேட்பவர் பெரும்பாலும் மனதுக்குள் முடிவெடுத்திருப்பார். முன்னால் இருக்கும் எண்ணுக்கு நானும் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது முடிவதில்லை.

அந்த எண் எதிலிருந்து வருகிறது என்று ஒருமுறையாவது பாருங்கள். 2003-இல் தொடங்கிய ஷாங்காய் பட்டியல் என்ற உலக ரேங்க் பட்டியலில், பழைய மாணவர்கள் நோபல் பரிசோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ வாங்கியிருந்தால் அதற்கு 10 சதவீதம். அங்கே வேலை பார்ப்பவர்கள் வாங்கியிருந்தால் 20. 'நேச்சர்', 'சயன்ஸ்' என்ற அறிவியல் இதழ்களில் வெளியான கட்டுரைகளுக்கு இன்னொரு 20. சீனப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சியில் உலகத்தோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கின்றன என்று பார்க்கத்தான் அந்தப் பட்டியலையே உருவாக்கினார்கள். அந்த வேலைக்கு அது சரி. பதினெட்டு வயதில் முதலாண்டு கணக்கு வகுப்பில் உட்காரப்போகிற ஒருவருக்கு அதில் என்ன இருக்கிறது? கியூஎஸ் என்ற இன்னொரு உலகப் பட்டியலில் பெரிய பங்கு பேராசிரியர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்புக்குப் போகிறது. அதாவது, ஏற்கெனவே பெயர் வாங்கிய இடத்துக்குப் பெயர் இருப்பதற்காகவே மார்க்.

வகுப்பறையை அளக்கும் எண்கள் சில பட்டியல்களில் உண்டு. ஆனால் அவற்றைப் பல்கலைக்கழகமே எண்ணித் தருகிறது. 2022-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்தது நினைவிருக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் பட்டியலில் அது 2-ஆம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் கொடுத்த தகவல்களை எடுத்துச் சரிபார்த்தார். இருபது பேருக்கும் குறைவான வகுப்புகள் 82.5 சதவீதம் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். அவர் வகுப்பு அட்டவணையை வைத்து எண்ணிப் பார்த்தால் 63-லிருந்து 67-க்குள்தான் வந்தது. அதே ஆண்டு வந்த அடுத்த பட்டியலில் கொலம்பியா 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. இடையில் அங்கே பாடம் நடத்தும் விதத்தில் எதுவும் மாறிவிடவில்லை. (இதில் எனக்குப் பிடித்த விஷயம், கேட்டவர் வெளியாள் இல்லை என்பது.)

"சரி, பெயருக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடங்கள் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். பெரிய பெயருள்ள இடத்தில் சேர்ந்தவர்களும், அதை விட்டுவிட்டுச் சாதாரண இடத்துக்குப் போனவர்களும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். விதிவிலக்கு, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பெரிய பெயர் உதவியது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. வீட்டில் யாருக்கும் வேலை உலகத்தில் ஆளைத் தெரியாது என்றால், அந்த அறிமுகத்தைப் பல்கலைக்கழகம்தான் தந்தாக வேண்டும். அதனால் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவர் பெயரையும் கணக்கில் எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் உறவினரிடம் சொல்லிக்கொள்ள உதவும் என்பதற்காக அதே பெயரைத் துரத்துவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நீங்கள் சேரப்போவது பல்கலைக்கழகத்தில் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் நான்கு வருடம் இருக்கப்போவது ஒரு துறையில். உலகப் புகழ் பெற்ற இடத்திலும் சோம்பலான துறை உண்டு, யாரும் கேள்விப்படாத இடத்தில் அருமையான துறையும் உண்டு. அதனால் விசாரிக்க வேண்டியது துறையைப் பற்றி. முதலாண்டுப் பாடத்தை யார் எடுக்கிறார்? விளம்பரப் புகைப்படத்தில் இருக்கும் பேராசிரியரா, ஆராய்ச்சி மாணவரா? ஆய்வகத்துக்குள் எந்த ஆண்டில் விடுவார்கள்? பிடிக்காவிட்டால் வேறு துறைக்கு மாற முடியுமா, அதற்கு என்ன நிபந்தனை? முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராமல் வளாகத்தின் நீச்சல் குளத்தைப் பற்றிப் பேச்சு திரும்பினால், அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். வளாகத்தைப் பார்க்க அழைக்கும் திறந்த நாள் நிகழ்ச்சியில் சுற்றிக் காட்டும் மாணவர் பல்கலைக்கழகமே தேர்ந்தெடுத்த ஆள், அவர் நல்லதைத்தான் சொல்வார். நீங்களாகத் தேடி, அந்தத் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரைப் பிடியுங்கள். முதலாண்டுக்காரருக்கு ஆச்சரியம் தீர்ந்திருக்காது, கடைசி ஆண்டுக்காரருக்கு எப்படியோ முடிந்தால் போதும் என்றிருக்கும்.

வளாகத்தின் அழகு, விடுதி அறை, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை எல்லாம் அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

பணத்தை மட்டும் அப்படி விட முடியாது. இவ்வளவு விசாரித்த பிறகும் இரண்டும் சமமாகத் தெரிந்தால், கடன் குறைவாக வரும் இடத்துக்குப் போங்கள். படிப்பு முடிந்ததும் பிடித்த வேலைக்காக ஆறு மாதம் காத்திருக்கலாமா, கிடைத்த முதல் வேலையில் ஒட்டிக்கொள்ள வேண்டுமா என்பதைப் பல நேரம் முடிவு செய்வது அந்த மாதத் தவணைதான்.