சேலத்தில் வாடகை குறைவுதான், ஆனால் அந்த வீடு யாருக்குக் கிடைக்கிறது?

பெங்களூரிலிருந்து சேலத்துக்கே திரும்பிவிடலாம் என்று நினைக்கிற எல்லாரும் சொல்கிற முதல் காரணம், "அங்க வாடகை பாதிதானே" என்பது. பாதிதான். மாமியாரைத் தனியாக விட முடியாத நிலை வந்ததும் நாங்களும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் கிளம்பினோம். வந்து வீடு தேட ஆரம்பித்த பிறகுதான், இந்த ஊரில் வாடகை வீடு இரண்டு தனித்தனிச் சந்தைகளாகக் கிடக்கிறது என்று புரிந்தது.

ஒன்று, செல்போனில் தெரிகிற சந்தை. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி. லிஃப்ட், கார் நிறுத்த இடம், மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம். இரண்டு படுக்கையறைக்கு எங்களிடம் ரூ.15,000, ரூ.16,000 என்று கேட்டார்கள். இன்னொன்று எந்த ஆப்பிலும் வராது. அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை, தாதகாப்பட்டி, செவ்வாய்ப்பேட்டை தெருக்களில் கீழே வீட்டுக்காரர் குடியிருக்க, மேலே ஒரு மாடி காலியாக இருக்கும். கிட்டத்தட்ட அதே அளவு வீடு, ரூ.7,500, ரூ.8,000. ஆனால் இருக்கிற குடித்தனம் காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே மளிகைக்கடைக்காரருக்கும், பால் ஊற்றுகிறவருக்கும், இஸ்திரி போடுகிறவருக்கும் சேதி போய்விடும். சாமான் இறங்குவதற்குள் அடுத்த ஆளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிடும்.

பத்துப் பதினைந்து வருடம் வெளியூரில் இருந்தவர்களுக்கு இந்தத் தொடர்பு அறுந்து போயிருக்கும். ஊரை விட்டுப் போகாதவருக்கு ரூ.8,000-க்குக் கிடைக்கிற வசதி, திரும்பி வருகிறவருக்கு ரூ.15,000 ஆகிறது. ஊர்க்காரர்களுக்கே இப்படி என்றால் இரும்பாலைக்கோ கருப்பூர் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கு வருகிற வெளியூர்க்காரர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

சேதி யார் காதுக்குப் போகிறது என்பதோடு இது நிற்பதும் இல்லை. வாசல் வரை போய்விட்டால் விசாரணை ஆரம்பமாகும். "சொந்த ஊர் எதுங்க?" என்று கேட்பார்கள், சொல்வோம். "அங்க எந்தப் பக்கம்?" தெருப் பெயர் வரை போகும். அப்புறம் மெதுவாக, "உங்க குலதெய்வம் எதுங்கம்மா?" இந்தக் கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நேராக "என்ன ஆளுங்க?" என்று கேட்டவர்களும் உண்டு. "அசைவம் சமைப்பீங்களா" என்பது பாதி நேரம் அதே கேள்விதான்.

எங்களுக்கு ஏதோ ஒரு வீடு அமைந்துவிட்டது. என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி, இஸ்லாமியக் குடும்பம், அவளும் அதே சமயத்தில்தான் திரும்பி வந்தாள். போனில் "வந்து பாருங்க" என்று சொன்னவர்கள் பெயரைக் கேட்டதும் "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு" என்றார்கள். கடைசியில் வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் அபார்ட்மெண்டில், யாரும் எதுவும் கேட்காத இடத்தில், தன் சக்திக்கு மீறிய வாடகைக்குப் போனாள். தலித் குடும்பங்களுக்கு நடப்பது இதைவிட மோசம். அவர்கள் மறுக்கப்படுவதோடு, மறுக்கப்பட்டதற்கான கூடுதல் வாடகையையும் மாதாமாதம் கட்டுகிறார்கள். "அவங்க வீடு, அவங்க இஷ்டம்" என்று இதை முடித்து வைக்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. குறைந்த வாடகை வீடுகளெல்லாம் ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றும்போது, வெளியே நிற்பவர்கள் எல்லாரும் மிச்சமிருக்கிற சில வீடுகளுக்குப் போட்டி போட்டு விலையை ஏற்றுகிறோம். வாடகை உயர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அடுத்து அட்வான்ஸ். பத்து மாத அட்வான்ஸ் பெங்களூர் பழக்கம், நம் ஊரில் அது கிடையாது என்ற நினைப்பில் இருந்தேன். இங்கேயும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் வாடகைக்கென்று ஒரு புதிய சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். நான் பேசிய வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. "நம்ம ஊர்ல எதுக்கும்மா பேப்பரெல்லாம்" என்றுதான் சொன்னார்கள்.

வீட்டுக்காரர்களின் பயம் எனக்குப் புரிகிறது. 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில், குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். அந்தப் பயத்தில்தான் பதினோரு மாதத்துக்கு ஒரு தாள் எழுதி, பெரிய அட்வான்ஸாக வாங்கி, தெரிந்த ஆளாகப் பார்த்து வைக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால், காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடமிருந்து வீட்டைத் திரும்பப் பெற வீட்டுக்காரருக்குப் புதிய சட்டத்தில் நேரான வழி இருக்கிறது. பாதுகாப்பு காகிதத்திலேயே கிடைக்கும்போது குலதெய்வத்தை விசாரித்து என்ன ஆகப்போகிறது?

போக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர் திரும்புகிறவர் கையில் பி.எஃப். பணமோ, பழைய வீட்டு அட்வான்ஸோ மொத்தமாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு புரோக்கர்கள் முதலில் இதைத்தான் நீட்டுவார்கள். ரூ.6 லட்சம் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். அந்தப் பணத்தை ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் வருடத்துக்கு ரூ.42,000, அதாவது மாதம் ரூ.3,500. எட்டாயிரம் ரூபாய் வீட்டில் ரூ.3,500 செலவில் இருக்கிறோம் என்றாகிறது. கையில் பணம் இருப்பவருக்கு இதைவிடக் குறைந்த செலவில் வீடு கிடைக்காது.

கிடைக்காததால்தான் ஏமாறுகிறார்கள். மொத்தப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர்தான் போக்கியத்துக்கு விடுவார். மகள் கல்யாணமாக இருக்கலாம், வேறொரு கடனை அடைப்பதாக இருக்கலாம். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, தவணை நின்றுபோனால் வங்கி வந்து நோட்டீஸ் ஒட்டும். அப்போது முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய காகிதம் உங்களைக் காப்பாற்றாது. போக்கியம் என்பது சட்டப்படி ஒரு அடமானம். 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இப்படியான அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆறு லட்சத்தைக் கொடுத்துவிட்டுப் பதிவுச் செலவை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வங்கியில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். "பதிவெல்லாம் வேண்டாம்" என்று சொல்கிறவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது வாடகையோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை சில. மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எவ்வளவு பெரியது, போர் தண்ணீர் உப்பா. தனி மின் இணைப்பு இருக்கிறதா என்பது ரொம்ப முக்கியம். ஒரு வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வீட்டில் அந்த இலவசம் உங்களுக்கு வந்து சேராது. அம்மாபேட்டைப் பக்கம் என்றால் பகலில் போய்ப் பாருங்கள், ஒட்டியே விசைத்தறி ஓடினால் சத்தம் தெரியும். திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான தெரு என்றால் மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறும் என்று எதிர்வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்ல மாட்டார்.

தள்ளிப் போகத் தயங்காதீர்கள் என்பேன். அயோத்தியாபட்டணம், மல்லூர், ஓமலூர் பக்கமெல்லாம் டவுன் பஸ் போகிறது. 2021-இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வேலைக்குப் போகிற பெண் இருக்கிற குடும்பத்துக்கு இது நேரடியாக வாடகையில் கழிக்க வேண்டிய தொகை. ஏற்காட்டில் மலிவாக இருக்குமே என்று கேட்டவர்களும் உண்டு. சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விட்டுச் சம்பாதிக்க முடிகிற ஊரில், மாத வாடகைக்கு நல்ல வீடு கிடைப்பது கஷ்டம். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிச் சேலத்தில் வேலை பார்ப்பதும் நடக்கிற காரியம் இல்லை. மலையடிவாரம்தான் வேண்டுமென்றால் கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கம் பாருங்கள்.

அப்புறம், ஆடியில் தேடுங்கள். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் வீடு காலியாகவே கிடக்கும், வீட்டுக்காரரும் பேச்சுக்கு இறங்கி வருவார். வாடகையைப் பேசி முடித்து, கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டு, ஆவணியில் பால் காய்ச்சலாம். மே மாதம் பள்ளிக்கூடத்துக்காக எல்லாரும் அலைகிற நேரத்தில் போனால் சொன்ன விலைதான்.

மாடி காலியாக இருக்கிற வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டில் ஒரு போர்டு மாட்டுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எப்படி என்று அதிலேயே எழுதிவிடுங்கள். வருகிறவரிடம் ஆதார் அட்டையைக் கேளுங்கள், என்ன வேலை என்று கேளுங்கள், முன்பு இருந்த வீட்டுக்காரரின் நம்பர் வாங்கிப் பேசுங்கள், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு வேண்டிய பாதுகாப்பு அவ்வளவுதான்.