எண்பது வயது மூச்சு

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸின் 'பிராமிசஸ்' ஆல்பத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று அதைப் பற்றிய விமர்சனக் கட்டுரை ஒன்றில் அதை எழுதியவர் குறைப்பட்டிருக்கிறார். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஏழே சுரங்கள் கொண்ட ஒரு சின்னத் துணுக்கு, 46 நிமிட ஆல்பத்தில் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அதன்மேல் சாக்ஸபோன் நுழையும் இடத்தைக் கொஞ்சம் நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். சுரத்துக்கு முன்னால் மூச்சு கேட்கிறது! 1960-களில் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு சேர்ந்து வாத்தியத்தையே அலற வைத்த மனிதர், 2021-இல் இது வெளிவந்தபோது 80 வயதில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல வாசிக்கிறார். நான்காம் பகுதியில் வாத்தியத்தை விட்டுவிட்டு வாயாலேயே ஏதோ முணுமுணுக்கிறார். தூளியை ஆட்டிக்கொண்டே தாத்தா பாடுவது மாதிரி. எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

ஆறாம் பகுதியில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் வயலின்கள் பொங்கி எழுவதைப் பலரும் புகழ்கிறார்கள். சரி, அழகுதான். எனக்குக் கொஞ்சம் சினிமாத்தனமாகப் பட்டது. சாண்டர்ஸோடு சேர்ந்து இந்த ஆல்பத்தை உருவாக்கிய ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் எலக்ட்ரானிக் இசைக்காரர் என்றாலும் பெரியவருக்கு வழிவிட்டு ஒதுங்கியே நிற்கிறார். 2022 செப்டம்பரில் சாண்டர்ஸ் காலமானார். அப்புறம் இதை இரவில் மட்டும்தான் கேட்கிறேன்.